பிரசங்க மேடையிலிருந்து பயிற்சி வகுப்புக்கு: அயல்நாட்டில் உள்ளூர்ப் போதகர்களை ஆயத்தப்படுத்துதல்

அயல்நாட்டு ஊழியம் பெரும்பாலும் நற்செய்திக் கூட்டங்களில்தான் தொடங்குகிறது. சில வருடங்களில் ஊருக்கு ஊர் சபைகள் எழும்பிவிடும். நடத்த ஆள் இருக்காது. ஞானஸ்நானம் பெற்றுக் கொஞ்ச காலமே ஆன ஒரு விவசாயி ஞாயிறுதோறும் பிரசங்கிப்பார், அடக்க ஆராதனை நடத்துவார், குடும்பச் சண்டையும் தீர்ப்பார். அவருக்கு வேதத்தை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. மிஷன் பயிற்சிப் பணிக்குத் திரும்பவேண்டிய கட்டம் இதுதான். தள்ளிப்போட்டால் கள்ள உபதேசம் முந்திக்கொள்ளும்.

கெட்டிக்கார வாலிபர்கள் சிலரை வெளிநாட்டு வேதாகமக் கல்லூரிக்கு அனுப்பலாம் என்ற யோசனைதான் முதலில் வரும். கிராமச் சபைக்கு அதனால் பெரிய பயன் இல்லை. படித்தவர் பட்டணத்திலேயே தங்கிவிடுவார். திரும்பி வந்தாலும் அவரைத் தாங்கச் சபைக்கு வசதி இருக்காது. குவாத்தமாலாவில் பிரெஸ்பிடேரியன் செமினரி (போதகர் பயிற்சிக் கல்லூரி) இதே சிக்கலைச் சந்தித்துத்தான் 1963-ல் பாடத்தை மாணவர் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோகத் தொடங்கியது. வீட்டில் படிக்கப் பாடநூல், சபையில் செய்துபார்க்கும் ஊழியம், ஆசிரியரோடு தவறாத சந்திப்பு என மூன்றும் சேர்ந்த முறை அது. நாங்கள் கைக்கொள்வதும் இதைத்தான்.

வகுப்பு நடத்த நம்மை அழைக்கும் கடிதம் உள்ளூர்ச் சபைக் கூட்டமைப்பிடமிருந்து எழுத்தில் வரவேண்டும். யார் தங்குமிடம் தருவது, யார் மாணவரைத் தேர்ந்தெடுப்பது, எத்தனை வருடம் என்பதெல்லாம் அதிலேயே இருக்கட்டும். சுற்றுலா விசாவில் போய் வகுப்பெடுக்கப் பல நாடுகளில் சட்டம் இடம் கொடுக்காது. பிடிபட்டால் நாம் விமானமேறிவிடுவோம். விசாரணைக்கு அலையப்போவது அழைத்த போதகர். மதக் கட்டுப்பாடுள்ள நாடுகளில் மாணவர் முகம் தெரியும் படம் எதையும் வெளியிடக்கூடாது.

மாணவரைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வெற்றி. ஏற்கெனவே சபை நடத்துகிறவராக இருக்கவேண்டும்; அவருடைய சபையே அவரைப் பரிந்துரைக்கவேண்டும். கூட்டமைப்புத் தலைவரின் உறவினர், எந்த மிஷன் வகுப்பு வைத்தாலும் சான்றிதழுக்காக வருகிறவர் ஆகியோர் பட்டியலில் நுழையாமல் தடுப்பது இந்தப் பரிந்துரைக் கடிதம்தான். ஒரு வகுப்புக்கு 15 முதல் 20 பேர் போதும். அதற்கு மேல் போனால் ஒவ்வொருவருடைய பிரசங்கத்தையும் கேட்க நேரம் இருக்காது.

வருடத்துக்கு மூன்று முறை, ஐந்து நாள் வீதம், மூன்று வருடம் என்பது வேலை செய்து பிழைக்கிறவர்களுக்கு ஒத்துவரும் அளவு. அறுவடைக்கும் பெருமழைக்கும் விலக்கித் தேதி வைக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசினால் ஒரு மணி நேர வகுப்பில் அரை மணி நேரப் பாடம்தான் நடக்கும். இதை மறந்து தயாரித்த குறிப்புகள் கடைசி நாளில் பாதியிலேயே நின்றுபோகும். குறிப்பை ஒரு வாரம் முன்னதாக மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, வசனங்களை மாணவர்களுடைய மொழி வேதாகமத்தில் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லவேண்டும். நன்றாக மொழி தெரிந்தும் வேதம் தெரியாதவரைவிட, மொழி சுமாராக இருந்தாலும் வேதம் தெரிந்தவர் மேல்.

வகுப்பு விரிவுரையாக ஓடினால் ஒன்றும் நிற்காது. பிலிப்பியர் 4:13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்று பவுல் சொல்லும் வசனம். நினைத்தது எதையும் சாதிக்கலாம் என்று அதைப் பிரசங்கிப்பதை எங்கும் கேட்கலாம். விளக்கம் எதுவும் கொடுக்காமல், 10 முதல் 13 வரை சத்தமாக இரண்டு முறை வாசிக்கச் சொல்லுவோம். பிறகு, பவுல் இங்கே எந்த நிலைமையைப் பற்றிப் பேசுகிறார் என்று மட்டும் கேட்போம். பசியும் நிறைவும், குறைவும் பரிபூரணமும் அந்த வசனங்களிலேயே இருக்கின்றன. எழுத்து வாசனை குறைந்தவர்கூடக் கண்டுபிடித்துவிடுவார். அன்று மாலை ஒருவர் பத்து நிமிடம் அதையே பிரசங்கிப்பார். மற்றவர்கள், கேட்ட முக்கியக் கருத்தை ஒரே வரியில் சொல்லவேண்டும். ஆளுக்கொரு கருத்து வந்தால் பிரசங்கம் தெளிவாக இல்லை என்று அவருக்கே புரிந்துவிடும்.

வேத ஆராய்ச்சி, உபதேசம், பிரசங்கம் இவற்றோடு, திருமணம், அடக்கம், சபைப் பதிவேடு, காணிக்கைக் கணக்கு ஆகியவற்றையும் கட்டாயம் சேர்க்கவேண்டும். காணிக்கையை இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்திடும் ஒரு சின்னப் பழக்கம் எத்தனையோ சபைப் பிளவுகளைத் தடுக்கும்.

பணத்தில் கண்டிப்பு வேண்டும். போதகருக்கு மிஷன் மாதச் சம்பளம் கொடுத்தால் அவர் சபைக்குக் கணக்குச் சொல்லமாட்டார், மிஷனுக்குத்தான் சொல்லுவார். சபையும் கொடுக்கப் பழகாது. பாடநூலும் ஆசிரியர் செலவும் நம்முடையது. மாணவரின் பயணக்கட்டணம் அவருடைய சபையுடையது. ஏழைச் சபை தானியமாகக் கொடுத்தாலும் வாங்கிச் சமையலுக்குச் சேர்க்கலாம்.

ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கியது 1706-ல். அந்த மிஷனின் முதல் தமிழ்ப் போதகரான ஆரோன் குருப்பட்டம் பெற்றது 1733-ல். அத்தனை காலம் காத்திருக்காமல் இருக்க, முதல் சுற்றிலேயே ஆசிரியராகக்கூடிய இரண்டு மூன்று பேரைக் கண்டு வைக்கவேண்டும். இரண்டாம் சுற்றில் அவர்கள் பாடத்தைப் பாதி நடத்துவார்கள். மூன்றாம் சுற்றில் முழுவதும் அவர்களுடையது. நாம் பின்வரிசையில் உட்கார்ந்திருப்போம். மாணவர் சந்தேகத்தோடு நம்மைத் திரும்பிப் பார்த்தாலும் பதில் சொல்லக்கூடாது. அதன்பின் நம் பயணம், அந்த ஆசிரியர்களை மட்டும் சந்திக்க வருடத்துக்கு ஒரு முறை. பாடத்திட்டமும் பதிவேடும் கூட்டமைப்பின் கையில் இருக்கும். சான்றிதழிலும் அவர்களுடைய பெயர் மட்டுமே இருக்கும்.