ஊதுகுழலும் முட்பூப் பஞ்சும்

மூச்சால் ஊதி அம்பெய்யும் ஊதுகுழலைக் கையில் எடுப்பவர்கள் முதலில் சந்தேகப்படுவது தங்கள் நுரையீரலைத்தான். அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. 13 மி.மீ. உள்விட்டமும் 2 மீட்டர் நீளமும் உள்ள குழாயை நிரப்பக் கால் லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான காற்று போதும். பெரியவர் ஒருவர் ஒரே மூச்சில் 3 முதல் 5 லிட்டர் வரை வெளியே விடுகிறார். காற்று மிச்சம்தான். குறைவது அழுத்தம். மனித மார்பு சட்டென்று தரக்கூடிய அழுத்தம் சுமார் 10 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொள்ளலாம். கார் டயரில் இருப்பதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. இந்தச் சொற்ப அழுத்தத்தில் கொஞ்சமும் கசியாமல் அம்பின் பின்னால் நிறுத்துவதுதான் வேலையே. அதைச் செய்வது அம்பின் வாலில் கட்டிய பஞ்சு.

இதை மிகத் தெளிவாகக் காட்டுவது அமெரிக்காவின் செரோக்கிப் பழங்குடி மக்களுடைய ஊதுகுழல். தென்கிழக்காசியத் தீவான போர்னியோவில் இரும்பு உளி கொண்டு கெட்டி மரத்தைத் துளைத்துச் செய்யும் சும்பித் குழலில் அம்பு நுனிக்கு விஷம் உண்டு. தோலைக் கிழித்தாலே போதும். செரோக்கிகள் விஷம் தடவுவதில்லை. அணில், முயல், சிறு பறவைகள் என்று அவர்கள் வேட்டையாடியதெல்லாம் அம்பு நேராகப் பட்டால் மட்டுமே விழும். ஆகவே குழலும் அம்பும் பிசிறில்லாமல் பொருந்தியாக வேண்டும். 1760களின் தொடக்கத்தில் அவர்கள் ஊர்களுக்குப் போன ஹென்றி டிம்பர்லேக் என்ற வர்ஜீனியாக்காரப் படை அதிகாரி, சிறுவர்கள் இந்தக் குழலோடு திரிந்ததையும், அம்புக்கு வலு குறைவு என்பதால் பெரிய இரையின் கண்ணையே குறிவைத்ததையும் பதிந்திருக்கிறார். 1838-39ல் பெரும்பாலானோர் இன்றைய ஒக்லஹோமாவுக்கு விரட்டப்பட்ட பிறகும் கைவேலை அழியவில்லை. வட கரோலினா மலைகளில் தங்கிவிட்டவர்களிடமும் இருக்கிறது. ஒக்லஹோமாவின் தாலக்குவாவில் செப்டம்பர் தொடக்கத்தில் நடக்கும் செரோக்கி தேசிய விழாவில் ஊதுகுழல் போட்டியும் உண்டு.

குழலுக்கு வேண்டியது ஆற்றுமூங்கில். அமெரிக்கத் தென்கிழக்கின் சொந்த மூங்கில் இது, தாவரவியலில் அருண்டினேரியா ஜைகாண்டியா. ஒருகாலத்தில் ஆற்றோரமெங்கும் மைல்கணக்கில் அடர்ந்திருந்த புதர்கள் உழவுக்கும் மேய்ச்சலுக்கும் போய், இன்று துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. குழல் செய்பவருக்கு இன்றைய பெரிய சிக்கல் கருவி அல்ல, நல்ல கழி கிடைப்பதுதான்.

கழியைக் குளிர்காலத்தில் வெட்ட வேண்டும். அப்போது சாறும் மாவுச்சத்தும் குறைவு. துளைக்கும் வண்டு அண்டுவது குறையும். முதல் வருடக் குருத்து வேண்டாம், காய்ந்ததும் சுருங்கி நெளியும். இரண்டு மூன்று வருடம் முற்றி, தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். அடியில் பெருவிரல் பருமன், ஏழெட்டடி நீளத்துக்குப் பெரிய கோணல் இல்லாதது. கணுவுக்குக் கணு திசை மாறும் சின்ன வளைவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், அது நெருப்பில் நிமிர்ந்துவிடும். கணுவுக்கு நடுவே விழுந்த வளைவு நிமிராது. அந்தக் கழியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வெயிலில் போட்டுக் காயவைத்தால் நீளவாக்கில் வெடிக்கும். நிழலில், கூரைக்கட்டையிலிருந்து செங்குத்தாகத் தொங்கவிட்டு, அடியில் ஒரு கல்லைக் கட்டிவிடுங்கள். பச்சை மங்கி வைக்கோல் நிறத்துக்கு வர வாரக்கணக்கில் ஆகும். பிறகு நிமிர்த்தல். தணலுக்கு ஒரு சாண் மேலே, கழியைச் சுழற்றிக்கொண்டே, கணுப் பக்கத்தைச் சூடாக்க வேண்டும். தோல் பளபளத்து எண்ணெய் பூத்தது போல் வரும்போது முழங்காலில் வைத்து எதிர்ப்பக்கமாக, வேண்டியதைவிடச் சற்றுக் கூடவே வளைத்து, ஆறும்வரை அசையாமல் பிடிக்க வேண்டும். சூடு ஆறுமுன் விட்டால் பழைய கோணலுக்கே திரும்பும். ஓரிடத்திலேயே நிறுத்திச் சுட்டால் இரண்டு கணுக்களுக்கு நடுவே அடைபட்ட காற்று விரிந்து, கழி துப்பாக்கிச் சத்தத்தோடு வெடிக்கும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கணு உடைப்பது. 8 அடிக் கழியில் எட்டுப் பத்து கணு இருக்கும். 8 மி.மீ. இரும்புக் கம்பியின் நுனியைப் பழுக்கக் காய்ச்சி, ஒரு முனையிலிருந்து பாதிவரையும் மறுமுனையிலிருந்து மீதியையும் சுட்டுத் துளைப்பார்கள். கம்பி 4 அடிக்குக் குறையக் கூடாது. அவசரம் கூடவே கூடாது. சூடு இறங்கிய கம்பியை அழுத்தித் தள்ளினால் அது கணுவில் வழுக்கிப் பக்கச் சுவரில் இறங்கும். அங்கே ஊசித்துளை விழுந்தாலும் காற்று போய்விடும். துளை விழுந்துவிட்டால் பைன் பிசினை உருக்கி வைத்து, மேலே நூலை இறுக்கிச் சுற்றலாம். ஒரு துளைக்கு இது போதும். மூன்று நான்கு என்றால் கழியை மாற்றுவதே மேல்.

துளைத்தபின் உள்ளே ஒவ்வொரு கணுவிலும் கருகிய விளிம்பு வளையமாக நிற்கும். அதைத் தேய்க்க அவர்கள் வைத்திருக்கும் கருவி எளிமையானது, அருமையானது. பழைய டப்பாத் தகட்டில் ஆணியால் நெருக்கமாகத் துளைகள் அடித்து, நம் வீட்டுத் தேங்காய்த் துருவி போல் மறுபக்கம் மூக்குகள் எழும்பியதும், அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி நீண்ட குச்சியின் நுனியில் சுருட்டி அடித்துவிடுவார்கள். அதைக் குழலுக்குள் விட்டு முன்னும் பின்னுமாக இழுத்தால் கணு விளிம்பு தூளாகக் கொட்டும். முடிவில் குச்சியில் உப்புத்தாள் சுற்றி மெருகு. வேலை முடிந்ததா என்று பார்க்கக் குழலை வானத்தை நோக்கிப் பிடித்துக் கண்ணை வைத்தால் ஒளி வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, மையம் பிசகாமல் தெரிய வேண்டும். ஒரு பக்கம் பிறைபோல் இருட்டு இருந்தால் கழி இன்னும் கோணல். மெல்லிய கறுப்பு வளையம் தெரிந்தால் அந்தக் கணு இன்னும் தேயவில்லை.

துளை பெரிதாக இருந்தால் விசை கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓரளவுதான் உண்மை. அம்பு விநாடிக்கு 35 மீட்டர் வேகத்தில் வெளியேற வேண்டுமானால், அதன் பின்னால் காற்றும் அதே வேகத்தில் ஓடியாக வேண்டும். 13 மி.மீ. துளைக்கு அது விநாடிக்கு 4.6 லிட்டர். 20 மி.மீ. துளைக்கு 11 லிட்டர். நலமான ஆண் ஒருவர் உச்சகட்டமாக ஊதுவதே 8 முதல் 10 லிட்டர்தான். அதற்கு மேல் காற்று கேட்கும் துளையில் அம்பைக் காற்று துரத்த முடியாமல் பின்தங்கும். என் கணக்கில் 13 முதல் 16 மி.மீ. தான் மனிதருக்குப் பொருத்தமான அளவு. சிறுவர்களுக்கு இன்னும் ஒடுங்கியது நல்லது.

இனி அம்பு. கருவேலம் போல் முள்ளும் உறுதியும் கொண்ட பிளாக் லோகஸ்ட் மரம், அல்லது ஹிக்கரி என்ற கெட்டி மரம். அறுக்கக் கூடாது, நார் ஓட்டத்தோடு பிளக்க வேண்டும். அறுத்த குச்சி நார் வெட்டுப்பட்ட இடத்தில் முறியும். ஒன்றரை அடி நீளம், 4 முதல் 5 மி.மீ. பருமன். நுனிப் பக்கம் சற்றுத் தடிமனாகவும் வால் பக்கம் மெலிந்தும் சீவினால் பாரம் முன்னால் நிற்கும். பாரம் பின்னால் போனால் அம்பு காற்றில் வாலாட்டிக்கொண்டே போய் குறுக்காக விழும்.

வாலுக்கு வேண்டிய பஞ்சு திசில் என்ற முட்செடியின் பூவிலிருந்து வருகிறது. நம்மூர் எருக்கம் பஞ்சைப் பார்த்தவர்களுக்கு அதன் மென்மையும் அது பறந்துபோகும் அவசரமும் தெரியும். பூவை எப்போது பறிப்பது என்பதில்தான் பாதிச் சூட்சுமம். ஊதா நிறம் வாடிப் பழுப்பாகி, தலை இன்னும் விரியாமல் மூடியிருக்கும் அந்தச் சில நாட்கள். விரிந்துவிட்டால் பஞ்சு காற்றோடு போகும். பறித்த தலைகளைப் பிளந்த மூங்கில் பட்டைகளுக்கு நடுவே வரிசையாக இடுக்கிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிக் காயவைத்தால் பஞ்சு வெடித்துக் கலையாமல் நேராகவே காய்கிறது.

கட்டும்போது கைகள் இரண்டும் போதாது. நூலின் ஒரு முனையை அம்பின் வாலில் முடிந்து, மறுமுனையைப் பல்லில் கடித்து விறைப்பாகப் பிடிக்கிறார்கள். முள்ளும் விதையும் நீக்கிய பஞ்சுக் கற்றையை ஒரு கை நூலுக்கடியில் வைக்க, மற்றக் கை அம்பை உருட்டுகிறது. உருட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சிறு கற்றை உள்ளே போய்ப் படிகிறது. இப்படி நான்கைந்து அங்குலத்துக்கு, புசுபுசுவென்று எல்லாப் பக்கமும் சமமாக விரிந்த வால் உருவாகும். நூல் தளர்ந்தால் பஞ்சு உதிரும். ஒரு பக்கம் அடர்த்தியாகிவிட்டால் அம்பு எப்போதும் ஒரே பக்கம் விலகிப் போகும், எவ்வளவு பழகினாலும் திருந்தாது.

பொருத்தத்தைச் சோதிக்க அம்பைக் குழலில் இட்டுக் குழலை நிமிர்த்திப் பிடியுங்கள். அம்பு தானாக நழுவி விழக் கூடாது; மென்மையாக ஊதினால் நகர வேண்டும். நழுவினால் பஞ்சு போதாது, காற்று ஓரமாக முந்திக்கொண்டு ஓடிவிடும். நகரவே மறுத்தால் அளவுக்கு மீறித் திணித்திருக்கிறீர்கள், உராய்வே மூச்சைத் தின்றுவிடும். கொஞ்சம் பிடுங்கி எடுங்கள். மழைநாளில் பஞ்சு ஈரத்தில் ஒட்டிப் படிந்துவிடுவதால் குழல் வேலைக்கு ஆகாது.

ஊதும்போது இரண்டு கைகளும் வாயருகே சேர்ந்து குழலைப் பிடிக்கின்றன. ஒரு கையை முன்னால் நீட்டிப் பிடிப்பது வசதி போல் தோன்றும், ஆனால் அந்தக் கையின் நடுக்கம் முழுவதும் முனைக்குப் போகும். மூச்சை இழுப்பது குழலை வாயில் வைப்பதற்கு முன்பு, மூக்கு வழியாக. வாயில் வைத்த பிறகு ஒருபோதும் உள்ளே இழுக்காதீர்கள். அம்பு மூச்சுக்குழாய்க்குள் போய் அறுவை சிகிச்சை அறைவரை சென்றவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பிறகு கன்னத்தை உப்பவிடாமல், அடிவயிற்றிலிருந்து இருமுவது போல் ஒரே வெட்டு. நீளமாக ஊதுவதில் பயனில்லை. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் குழல் இரண்டாகத் தெரியும். குறி அந்த இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும்.

வலு எவ்வளவு? 13 மி.மீ. துளை, 2 மீட்டர் நீளம், 10 கிலோபாஸ்கல் என்று பெருக்கினால் அம்புக்குக் கிடைக்கும் ஆற்றல் ஏட்டுக்கணக்கில் 2.65 ஜூல். உராய்வும் கசிவும் போக அதைவிடக் குறைவுதான் மிஞ்சும். இங்கிலாந்தில் உரிமமில்லாமல் வைத்துக்கொள்ளும் ஏர் ரைஃபிளின் உச்சவரம்பு 16 ஜூல். அதனால் செரோக்கி வேட்டைக்காரர் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் நெருங்கும்வரை ஊதமாட்டார். தலையிலோ நெஞ்சிலோ படாத அம்போடு அணில் பொந்துக்குள் போய்விடும், போய் உள்ளேயே வதைபட்டுச் சாகும். நெருங்கத் தெரியாதவர் உயிரின் மீது ஊதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தமிழிலும் இதற்குச் 'சுங்குத்தான்' என்று ஒரு சொல் உண்டு. சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1924ல் அதை ஊதுகுழலைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான சும்பித்தானோடு சேர்த்துப் பேசினார். ஆனால் இன்று இந்தியாவில் முயலையோ கவுதாரியையோ இதனால் வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கலிபோர்னியாவில் ஊதுகுழல் வைத்திருப்பதே சட்டவிரோதம், கனடாவிலும் தடை. அங்கெல்லாம் இருப்பவர்கள் செய்யும் முன்பே சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் வைக்கோல் கட்டின் மீது ஒட்டிய காகிதம் நல்ல குறி. அம்பு முனை மழுங்காது, பஞ்சும் கசங்காது. குறியிலிருந்து அம்பைப் பிடுங்கும்போது வாலைப் பிடிக்காமல் முனைக்கு அருகே பிடித்து, சுழற்றி எடுங்கள்.

வேலை முடிந்ததும் குழலைச் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள், ஒரே வாரத்தில் வில்லாக வளையும். தொங்கவிடுங்கள்.