டெலிவரி எடுக்கும் நேரத்துச் சண்டை

அடிபட்ட காரை டிங்கரிங், பெயின்டிங் முடித்துக் கொடுக்கும்போது கிளம்பும் தகராறு பெரும்பாலும் கலரில்தான் தொடங்கும். "கதவு ஒரு கலர், ஃபெண்டர் (முன் சக்கரத்துக்கு மேலே உள்ள தகடு) ஒரு கலரா இருக்கே!" வண்டிக்காரர் கண் பொய் சொல்லவில்லை. பெயின்டரும் கலர் குறியீட்டைப் பார்த்துத்தான் கலந்திருப்பார். அந்தக் குறியீடு சொல்வது வண்டி கம்பெனியிலிருந்து வந்த நாளின் கலர். ஐந்து வருடம் வெயிலில் நின்ற ஃபெண்டர் அதிலிருந்து விலகிப் போயிருக்கும்.

சில்வர் மெட்டாலிக் இன்னும் கஷ்டம். ஈரமாக அடித்தால் அலுமினியத் துகள் உள்ளே அமிழ்ந்து கலர் கருக்கும். ஈரமில்லாமல் உலர்வாக அடித்தால் வெளுக்கும். நேரே நின்று பார்த்தால் ஒட்டுகிற கலர், பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தால் ஒட்டாது. முதலில் ஒரு சோதனை அட்டையில் அடித்து, அதன்மேல் கிளியர் கோட்டும் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) போட்டு, காயவைத்து, வண்டியோடு ஒட்டி வெயிலில் பார்க்க வேண்டும். பிறகு பக்கத்து பேனலுக்குள் பேஸ் கோட்டை, அதாவது கலர் பூச்சை, கொஞ்சம் கொஞ்சமாக மங்கவிட்டு, அந்த பேனல் முழுக்க கிளியர் அடித்தால்தான் எல்லை தெரியாது. ஆனால் இன்சூரன்ஸுக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வழக்கமாக அடிபட்ட பேனலுக்கு மட்டும்தான் பணம் அனுமதிப்பார். பக்கத்து பேனலுக்கு யார் கொடுப்பது? இதை வண்டி உள்ளே வந்த அன்றே பேசாததுதான் உண்மையான தப்பு. பில்லும் அப்படித்தான். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு) இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கும் பெயின்ட் மெட்டீரியலுக்கும் 50 சதவீதத்தைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள்; அது வண்டிக்காரர் கையிலிருந்து போகும். பம்பர் மாற்றியவருக்கு அது டெலிவரி கவுன்ட்டரில் தெரியவந்தால் கோபம் வராமல் என்ன செய்யும்?

வண்டி உள்ளே வந்ததும், அதைக் கழுவிய பிறகே ஜாப் கார்டு (வண்டியின் நிலையையும் வேலையையும் குறிக்கும் சீட்டு) எழுத வேண்டும். தூசிக்கு அடியில் இருக்கும் பழைய கீறல் டெலிவரி அன்று பளபளப்பில் தெரியும். "நீங்கதான் போட்டீங்க" என்பார்கள். நான்கு பக்கமும் போட்டோ, கிலோமீட்டர், பெட்ரோல் அளவு எல்லாம் அவர் முன்னாலேயே பதிவாகட்டும்.

சாயங்காலம் டியூப்லைட் வெளிச்சத்தில் சாவியைக் கொடுக்காதீர்கள். பாலிஷ் போடும் ரப்பிங் மெஷின் விட்ட வட்டக் கோடுகள் மறுநாள் வெயிலில்தான் தெரியும். கதவு பீடிங்கில் (ஓரத்து ரப்பர் பட்டை) விரலை ஓட்டிப் பாருங்கள். உப்புத்தூள் போல நெருடினால் பெயின்ட் பறந்து ஒட்டியிருக்கிறது. கண்ணாடி கழற்றி மாட்டிய வண்டியென்றால் பத்து நிமிடம் தண்ணீர் அடித்து, உள்ளே கால்மிதி மேட்டைத் தூக்கி ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

கிளியர் கோட் முழுக்க இறுகச் சில வாரங்கள் ஆகும். ஒரு மாதத்துக்கு வேக்ஸ் வேண்டாம், பறவை எச்சம் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள் என்று ஒரு சீட்டில் எழுதிச் சாவியோடு கொடுத்துவிடலாம்.