‘முறையாக’ என்ற ஒரு சொல்

போலி மின்னஞ்சலுக்கு ஊழியர்கள் எப்படி ஏமாறுகிறார்கள் என்று எங்கள் கல்லூரியிலேயே சோதித்து, அதைக் கட்டுரையாக ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தோம். அதை மதிப்பிட்டவர்களில் இரண்டாமவரின் மூன்றாவது கேள்வி எனக்கு இன்னும் மனப்பாடம். மின்னஞ்சல் உண்மைதானா என்று ஆய்வில் இருந்தவர்களில் யாராவது வேறு ஒருவரிடம் கேட்டுச் சரிபார்க்க முயன்றார்களா? நான் எழுதிய பதில்: “அத்தகைய முயற்சிகள் எங்கள் ஆய்வில் முறையாகப் பதிவு செய்யப்படவில்லை.” ஆங்கிலத்தில் எழுதியதால் ‘சிஸ்டமேட்டிக்கலி’ என்று இருக்கும். அதில் பொய் எதுவும் இல்லை. நாங்கள் முறையாகப் பதிவு செய்யவில்லைதான்.

ஆனால் ஒருவர் கேட்டார். என்னிடம்தான் கேட்டார்.

கணக்குப் பிரிவில் இருக்கும் மூத்த எழுத்தர் அவர். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுகிறேன்; அவர் என்னை ‘மேடம்’ என்பார். அன்றைக்கு மதியம் மூன்று மணி இருக்கும், மே மாத வெயில். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தபடி என் அறை வாசலில் வந்து நின்றார். திரையின் ஒரு மூலை விரிசல் விட்டிருந்தது. அந்த விரிசலுக்குக் கீழே எங்கள் கல்லூரி முத்திரை, ‘அகவிலைப்படி நிலுவை விவரம்’ என்ற தலைப்பு, ஒரு நீலப் பொத்தான். அந்த முத்திரையை வெட்டி ஒட்டியது நான். அனுப்புநர் முகவரியில் ஆங்கில ‘ஐ’ இருக்க வேண்டிய இடத்தில் சிறிய ‘எல்’ வைத்ததும் நான்தான்.

“மேடம், ஒரு நிமிஷம். அரியர்ஸ் வந்துகீதுன்னு மெயிலு வந்துகீது. இன்னான்னு பாருங்களேன்.”

பார்த்தேன், பார்ப்பது போல. “எனக்கு எப்படிண்ணா தெரியும்? உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிப் பண்ணுங்க.”

“தப்பா இருந்தா நீங்களே சொல்லிருப்பீங்க” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கோஃபிஷ் என்ற கட்டற்ற மென்பொருளை வைத்துத்தான் சோதனை நடத்தினோம். யாருக்கு மின்னஞ்சல் போனது, யார் திறந்தார்கள், யார் இணைப்பைத் தொட்டார்கள், யார் படிவத்தை நிரப்பி அனுப்பினார்கள் என்று நிமிடம், நொடியோடு அது குறித்துக்கொள்ளும். கடவுச்சொல்லைச் சேமிக்கும் வசதியை அணைத்து வைத்திருந்தோம். எழுதி அனுப்பினார்கள் என்பது மட்டும் பதிவாகும். அவருடைய வரிசையில் தொட்ட நேரம் 3.12. அனுப்பிய நேரம் 3.13. என் அறையிலிருந்து அவர் இருக்கைக்குப் படி இறங்கிப் போக ஐந்து நிமிடம் ஆகும். போய் உட்கார்ந்த உடனே செய்திருக்கிறார்.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். ‘தொடாதீங்கண்ணா’ என்றிருந்தால் பத்து நிமிடத்தில் கணக்குப் பிரிவு முழுக்கத் தெரிந்திருக்கும். அவர் நல்லவர், தெரிந்ததை மற்றவர்களிடம் சொல்லாமல் இருக்க மாட்டார். மூன்று வாரச் சோதனை முதல் வாரத்திலேயே கெட்டிருக்கும், என் ஆய்வு மாணவியின் ஒன்றரை வருட உழைப்பும் போயிருக்கும். ‘கம்ப்யூட்டர் சென்டரில் கேளுங்க’ என்றிருக்கலாம். இது எனக்குத் தோன்றியதே அன்று இரவுதான். அங்கே ஒருவருக்கு மட்டும் சோதனை பற்றித் தெரியும். அவர் எப்படியாவது சமாளித்திருப்பார். நான் சொன்னதுதான் இருப்பதிலேயே மோசமான பதில். கணினித் துறை ஆசிரியர் ஒருவர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை என்றால், பார்க்கக் கொடுத்தவருக்கு அது ‘சரி’ என்றுதானே அர்த்தம்?

நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்த ஆய்வுதான் இது. ஏமாற்றை உள்ளடக்கிய ஆய்வு என்பதால், பங்கேற்பவர்களிடம் முன்கூட்டி ஒப்புதல் வாங்காமல், முடிந்ததும் எல்லோருக்கும் விளக்க வேண்டும் என்பது நிபந்தனை. விளக்கினோம். யார் பெயரும் நிர்வாகத்துக்குப் போகக் கூடாது என்பது இன்னொரு நிபந்தனை. அதையும் காப்பாற்றினோம். பங்கேற்பவர் ஒருவர் ஆய்வாளரிடமே வந்து கேட்டால் என்ன செய்வது என்று ஆய்வுத் திட்டத்தில் ஒரு வரியும் இல்லை. அந்தத் திட்டத்தை எழுதியவள் நான். குழுவில் யாரும் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் யாரும் இந்தத் துறையைச் சேர்ந்தவர்கள் இல்லையே.

இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் ஒரு சோதனை உண்டு. 2005-இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் போலி மின்னஞ்சல் அனுப்பினார்கள். முன்பின் தெரியாத ஒருவர் பெயரில் வந்தபோது 16 சதவீதம் பேர் ஏமாந்தார்கள். நண்பர் பெயரில் வந்தபோது 72 சதவீதம் பேர். விஷயம் வெளியே தெரிந்ததும் பல மாணவர்கள் கோபப்பட்டார்கள். முதுநிலை வகுப்பில் வருடா வருடம் இதை நான் பாடமாக நடத்துகிறேன். தெரிந்தவர் என்ற நம்பிக்கை எச்சரிக்கை உணர்வை எப்படி மழுங்கடிக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்குகிறேன். அன்று மதியம் அந்தத் தெரிந்தவரின் இடத்தில் நானே நின்றுகொண்டிருந்தேன்.

தூண்டில் இரையாக நிலுவைத் தொகையைத் தேர்ந்தெடுத்ததும் நான்தான். கூரியர் பார்சல் என்று வைக்கலாம் மேடம் என்றாள் மாணவி. எல்லோரும் அரியர்ஸுக்குக் காத்திருந்த நேரம் அது. பணியிடச் சூழலோடு பொருந்திய இரை என்றால் இதழில் எடுபடும் என்று நான்தான் மாற்றினேன். 2020 டிசம்பரில் அமெரிக்க நிறுவனம் ஒன்று, போனஸ் தருவதாகச் சொல்லித் தன் ஊழியர்களுக்கே இப்படிச் சோதனை அனுப்பி, எதிர்ப்பு வந்து மன்னிப்புக் கேட்டது. அந்தச் செய்தியைப் படித்தவள்தான் நான். எங்கள் கட்டுரையின் முன்னுரையில் அதை மேற்கோள்கூடக் காட்டியிருக்கிறேன். இருந்தும் செய்தேன். தாக்குபவன் இரக்கம் பார்த்து இரை வைக்க மாட்டான், சோதனையும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்ற வாதத்தை இன்றும் நான் முழுசாக விட்டுவிடவில்லை.

மூன்று வாரம் கழித்து விளக்க மின்னஞ்சல் போனது. மறுநாள் ஒரு கோப்போடு அண்ணா வந்தார். “அன்னிக்குக் கேட்டனே மேடம்” என்றார். கோபமே இல்லை. அது ரிசர்ச்சுண்ணா, யார் பேரும் வெளியே வராது என்று வேகவேகமாகச் சொன்னேன். “பேரு வந்தா வரட்டும். கேட்டேன் இல்ல?”

நான் கையெழுத்துப் போட்டுக் கோப்பைக் கொடுத்தேன்.

கட்டுரையை இதழுக்கு அனுப்பிய விதத்தையும் சொல்ல வேண்டும், தவறு அங்கேதான் நிலைபெற்றது. பாதுகாப்பில் மனிதக் காரணிகள் பற்றிய இதழ். எழுதியவர் யார் என்று மதிப்பீட்டாளருக்கும், மதிப்பிடுபவர் யார் என்று எழுதியவருக்கும் தெரியாத முறை. அதனால் பிரதியில் எங்களை அடையாளம் காட்டும் எல்லாவற்றையும் நீக்க வேண்டும். ‘வேலூர்’ என்ற சொல்லைத் தேடித் தேடி எடுத்தேன். கல்லூரி ‘தென்னிந்திய உயர்கல்வி நிறுவனம் ஒன்று’ ஆனது. அண்ணா ‘பி-47’ ஆனார், அப்புறம் பி-47-ம் போய் அட்டவணை மூன்றின் ஒரு கட்டத்தில் இருக்கும் எண்ணிக்கைக்குள் கரைந்தார். அந்தக் கட்டத்துக்கு நான் வைத்த தலைப்பு: ‘சரிபார்க்காமல் நிரப்பியவர்கள்’.

அவரை மட்டும் நீக்கிவிட்டு, ஏன் நீக்கினேன் என்று அடிக்குறிப்பு போட்டிருக்கலாம். ஒரே ஒரு வரிசைதானே, போனாலும் இருந்தாலும் சதவீதம் தசமத்தில்தான் மாறும் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணக்குப்படி அது சரி. ஆனால் விவாதப் பகுதியில் நான் ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறேன்: ஊழியர்களிடம் சரிபார்க்கும் பழக்கம் இல்லை, ஆகவே பயிற்சி தேவை. எங்கள் கட்டுரையைக் காட்டும் பிறர் எடுத்துப் போடுவது அந்த வாக்கியத்தைத்தான். எங்கள் தரவுக் கோப்பில் ‘யாரையாவது கேட்டாரா’ என்று ஒரு நெடுவரிசையே கிடையாது. பக்கத்து நாற்காலியில் கேட்டவர்கள், வீட்டுக்குப் போன் போட்டுப் பிள்ளையிடம் கேட்டவர்கள் எத்தனை பேரோ. நாங்கள் தேடவில்லை என்பதை அவர்கள் செய்யவில்லை என்று எழுதிவிட்டேன். எனக்குத் தெரிந்த அந்த ஒருவரே அந்த வாக்கியத்தை உடைக்கப் போதும்.

பயனாளரை எதிரியாகப் பார்க்காதீர்கள் என்று ஆன் ஆடம்ஸும் ஆஞ்செலா சாஸேயும் எழுதியது 1999-இல். மக்கள் அசட்டையால் தவறு செய்வதில்லை, அவர்களுக்குத் தகவலும் வழியும் தரப்படுவதில்லை என்பது அவர்கள் சொன்னதன் சாரம். சூரிக்கிலிருந்து 2022-இல் வந்த ஆய்வு 14,000-க்கும் அதிகமான ஊழியர்களைப் பதினைந்து மாதம் கவனித்தது. சோதனையில் ஏமாந்தவருக்கு அந்த இடத்திலேயே பாடம் காட்டும் வழக்கமான முறை பலன் தரவில்லை, சிலரை இன்னும் எளிதில் ஏமாறவே வைத்தது என்றது. மாறாக, சந்தேகப்பட்ட மின்னஞ்சலை ஊழியர்கள் தாங்களாகவே தெரிவிப்பது நன்றாக வேலை செய்தது என்றும் கண்டது. அண்ணா செய்ததும் அதுதானே? சந்தேகம் வந்தது, தெரிந்த ஆளைத் தேடிப் படியேறி வந்தார். பாடப் புத்தகத்தில் போடலாம் அவர் செய்ததை.

பதில் கடிதத்துக்குக் கெடு முடிகிற இரவு, காட்பாடி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஜங்ஷன் அறிவிப்பு காற்றில் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. மற்ற பதினாறு கருத்துகளுக்கும் பதில் எழுதியாகிவிட்டது. மூன்றாவதுக்கு முதலில் நான் எழுதியது இது: ஒருவர் ஆய்வாளரையே அணுகினார், ஆய்வாளரின் பதில் அவர் முடிவைப் பாதித்திருக்கக்கூடும். படித்துப் பார்த்தேன். இதைப் பார்த்தால் ஆசிரியர் குழு நெறிமுறைக் கேள்வி எழுப்பும், கட்டுரை திரும்பும், மாணவி ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பது ஆறு மாதமாவது தள்ளிப்போகும். குடியாத்தம் பெண், உதவித்தொகை அந்த மார்ச்சோடு முடிகிறது. அழித்தேன். ‘முறையாக’ என்ற சொல் வந்து உட்கார்ந்தது. அவளுக்காகத்தான் அழித்தேன் என்று நெடுநாள் நம்பினேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று பிறகுதான் உறைத்தது. போன மாதம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்பவே சொல்லிருந்தா எழுதியிருக்கலாமே மேடம்” என்றாள். இப்போது பட்டம் வாங்கிவிட்டவள் சொல்வது வேறு, அப்போது சொல்லியிருக்கக்கூடியது வேறு என்று வாதாடத் தோன்றியது. வாதாடவில்லை.

அண்ணா இப்போதெல்லாம் என்னிடம் எதுவும் கேட்பதில்லை. முன்பு கரன்ட் பில் கட்டவில்லை, இன்றிரவு இணைப்பைத் துண்டிப்போம் என்று வரும் மெசேஜ், பான் கார்டை இணைக்கச் சொல்லி வரும் மெசேஜ், எதுவானாலும் கொண்டுவந்து காட்டுவார். இப்போது வேலை முடிந்து போகிற வழியில் ஒரு செல்போன் கடைப் பையனிடம் காட்டிக் கேட்பதாக அலுவலகத்தில் சொன்னார்கள். அந்தப் பையன் நல்லவனாக இருக்கலாம். எனக்கு அதை நினைத்தால் தூக்கம் பிடிப்பதில்லை. எச்சரிக்கையாக இருந்த ஒருவர் நம்பிக் கேட்டுவந்த வாசலை என் ஆய்வே அடைத்துவிட்டது. இந்த இழப்பைக் காட்ட எங்கள் கட்டுரையில் அட்டவணை எதுவும் இல்லை.

இதழாசிரியருக்குத் திருத்தக் குறிப்பு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை. பயம் ஒரு காரணம், மறைக்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. கணக்குப் பிரிவில் இருப்பது சில பேர்தான். ‘மூத்த ஊழியர் ஒருவர் ஆய்வாளரை அணுகினார்’ என்று அச்சில் வந்தால் இங்கே எல்லோருக்கும் யாரென்று தெரிந்துவிடும். பெயர் வராது என்று நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே முதலில் அவரிடம் போய், நடந்ததை முழுசாகச் சொல்லி, எழுதட்டுமா என்று கேட்க வேண்டும். ‘நீங்க சொன்னா சரியா இருக்கும் மேடம்’ என்று யோசிக்காமல் சொல்லிவிடுவாரோ என்று இருக்கிறது. அப்படிச் சொன்னால் அதை ஒப்புதல் என்று நான் எப்படி எழுதிக்கொள்வது?

மே மாதக் கடைசியில் அவருக்குப் பணி ஓய்வு. இன்னும் பத்து வாரம் இருக்கிறது.