பேசாதவள் எல்லாம் ஒரே ஆள் இல்லை

தமிழ்ப் படத்தில் ஒரு பெண் அதிகம் பேசவில்லை என்றால், இடைவேளைக்குள் அதற்கு ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். அப்பா இறந்திருப்பார், அல்லது காதலன் இறந்திருப்பான், அல்லது ஃப்ளாஷ்பேக் ஒன்று வரிசையில் நிற்கும். இது எதுவும் இல்லையென்றால் அவள் திமிர் பிடித்தவள். சுபாவத்திலேயே அளவாகப் பேசுகிற, கூட்டத்தில் சீக்கிரம் களைத்துப்போகிற, மற்றபடி நன்றாகவே இருக்கிற ஒரு பெண்ணைத் திரையில் தேடினால் ஒரு கை விரல்கள்கூட முழுதாக மடங்காது.

இப்படிப்பட்டவரை உளவியலில் இன்ட்ரோவர்ட் என்பார்கள். அந்த வகையைப் பற்றி 1921இல் உளவியலாளர் கார்ல் யுங் விரிவாக எழுதியபோது, மனதின் ஆற்றல் எந்தப் பக்கம் பாய்கிறது என்பதைத்தான் பேசினார். வெளியே இருக்கும் ஆட்கள், பொருட்கள் பக்கமா, உள்ளே ஓடும் எண்ணங்கள் பக்கமா என்பது கேள்வி. பிறகு வந்த இன்னொரு உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க் அதை மூளையின் விழிப்பு நிலையோடு சேர்த்தார். சிலருக்குச் சத்தமும் சந்தடியும் சீக்கிரமே போதும் என்றாகிவிடும், அவ்வளவுதான். கூச்சம் வேறு கதை. கூச்சப்படுகிறவருக்குப் பேச ஆசை இருக்கும், பயம் தடுக்கும். இன்ட்ரோவர்ட்டுக்குப் பயமே இல்லாமல் இருக்கலாம். மேடையேறி ஒரு மணி நேரம் தடங்கலில்லாமல் பேசிவிட்டு, அதற்கப்புறம் நடக்கும் டீ குடிக்கிற அரட்டையிலிருந்து மட்டும் நழுவிவிடுவார். கூச்சம், சுபாவம், துக்கம், அடக்கம் நாலையும் ஒரே குண்டானில் போட்டுக் கிண்டுவது நம் திரைக்கதைப் பழக்கம்.

பெயரிலேயே மௌனத்தை வைத்திருக்கும் 'மௌன ராகம்' (1986) படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ரேவதி நடித்த திவ்யா வாயாடி. பெண் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்தே மழையில் ஆட்டம் போட்டுவிட்டுத் தாமதமாக வீடு திரும்புகிறவள். விருப்பமில்லாத கல்யாணத்துக்குப் பிறகுதான் டெல்லி வீட்டில் வாயடைத்துப்போகிறாள். பரிசாக என்ன வேண்டும் என்று கணவன் கேட்டால் விவாகரத்து என்கிறாள். அந்த மௌனம் எதிர்ப்பு, சுபாவம் இல்லை. 'மொழி' (2007) இன்னும் தெளிவான உதாரணம். ஜோதிகாவின் அர்ச்சனாவுக்குக் காதும் கேட்காது, பேச்சும் வராது. ஆனால் பெண்டாட்டியை அடிக்கும் குடிகாரனைத் தெருவிலேயே போட்டு உதைக்கிறவள் அவள். ஒரு வசனம்கூட இல்லாத அந்தப் பாத்திரம் வாய் நிறையப் பேசும் பல நாயகிகளைவிட வெளிமுகமானது. ஆக, வசனத்தை எண்ணி ஒருத்தியின் சுபாவத்தை அளக்க முடியாது.

'படையப்பா'வில் (1999) மௌனம் நன்னடத்தைச் சான்றிதழாகவே ஆகிவிடுகிறது. வேலைக்காரப் பெண் வசுந்தரா தலையைக் குனிந்துகொண்டிருப்பதால் நல்லவள், நீலாம்பரி குரலை உயர்த்துவதால் வில்லி. தனியாக இருக்கும்போது வசுந்தராவுக்கு என்ன பிடிக்கும், எதற்குச் சிரிப்பாள் என்பதெல்லாம் அந்தப் படத்துக்கே தெரியாது. பார்த்தவர்களுக்கு இன்றுவரை நினைவில் நிற்பது யார் என்று சொல்லத் தேவையில்லை.

ஓரளவு நெருங்கி வந்தது 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' (2000). ஜேன் ஆஸ்டினின் 1811ஆம் ஆண்டு நாவலின் தழுவல் என்பதால் அமைதியான அக்கா, கொட்டித் தீர்க்கும் தங்கை என்ற ஜோடி மூலத்திலேயே இருக்கிறது. தபு நடித்த சௌம்யா வேலை தேடுகிறாள், குடும்பத்தைத் தாங்குகிறாள், யோசித்து முடிவெடுக்கிறாள். அவள் யோசிப்பதைப் பார்க்க நமக்கு நேரமும் கிடைக்கிறது. ஆனால் அவளுக்கும் 'ராசி இல்லாதவள்' என்ற முத்திரை ஒன்றைக் குத்தி, அமைதிக்கு ஒரு காரணம் கற்பித்துவிட்டார்கள். காரணமில்லாமல் விட மனசு வரவில்லை போல.

ஆண்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. '96' (2018) படத்தின் ராம் வாயைத் திறக்கவே யோசிக்கும் ஆள். அவன் தயக்கத்துக்கு ஓர் இரவு முழுவதையும் படம் தாராளமாக ஒதுக்குகிறது. அவனை யாரும் கலகலப்பாக்கிக் காட்டவில்லை. அதே இடத்தில் ஒரு பெண் இருந்திருந்தால் இரண்டாம் பாதியில் கண்ணாடியைக் கழற்றி, முடியை வெட்டி, ஒரு கல்யாணப் பாட்டில் ஆட விட்டிருப்பார்கள்.

சீரியல் கணக்கே தனி. அங்கே அமைதியான மருமகள் கதையை ஓட்டுவதற்கான டீசல். "அந்த நகையை நான் எடுக்கல" என்ற ஒரு வாக்கியத்தை அவள் சொல்லிவிட்டால் மூன்று வாரத்துக் கதை முடிந்துவிடும். அதனால் சொல்ல மாட்டாள். அதற்குப் பதில் மைண்ட் வாய்ஸில் பக்கம் பக்கமாகப் பேசுவாள். நிஜத்தில் அளவாகப் பேசுகிறவர்கள் இப்படிப்பட்ட இடத்தில் பேசிவிடுவார்கள். அரட்டையில்தான் அவர்களுக்கு ஆர்வம் இல்லை, அவசியமான வாக்கியத்தைச் சொல்வதில் தயக்கம் இல்லை.

சரி, குறும்படமோ வெப் தொடரோ எழுதுகிறீர்கள், இப்படி ஒரு பெண் வேண்டும் என்றால் எப்படி எழுதுவது? ஒரு காட்சியை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். கல்யாண மண்டபம், முந்தைய நாள் ரிசப்ஷன். வழக்கமாக எழுதுவது: ஓரத்து நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள், பின்னணியில் பியானோ, மேடையிலிருந்து ஒருவன் பார்க்கிறான். இதில் அடிப்படையே தப்பு. ஓரத்து நாற்காலிதான் மண்டபத்திலேயே ஆபத்தான இடம். போகிற வருகிற அத்தைகள் எல்லாம் "என்னம்மா தனியா உக்காந்திருக்க, எப்போ உனக்கு?" என்று பக்கத்தில் உட்காருவார்கள். விவரம் தெரிந்தவள் அங்கே உட்கார மாட்டாள். ஒரு வேலையைத் தேடிப் பிடித்துக்கொள்வாள்.

ஸ்டோர் ரூமில் தாம்பூலப் பை போடும் வேலையைக் கொடுங்கள். பைக்கு ஒரு தேங்காய், வெற்றிலை, பாக்கு, மஞ்சள். கூடவே சித்தி பெண் ஒருத்தி. இங்கே அவள் பேச வேண்டும், நிறையப் பேச வேண்டும். பெரியப்பா மைக் பிடித்ததை நடித்துக் காட்டட்டும். மூன்று நிமிடக் காட்சிக்குத் திரைக்கதையில் ஏறக்குறைய மூன்று பக்கம் வரும். அதில் இரண்டு பக்கம் இந்த அறைக்கு. பிறகு கதவைத் திறந்து பெரியம்மா, "ஃபோட்டோவுக்கு வாடி." கையில் இருக்கும் பையை முடித்து வைத்துவிட்டு எழுகிறாள். மேடையில் இரண்டாவது வரிசைக் கடைசியில் நிற்கிறாள், ஒழுங்காகச் சிரிக்கிறாள், இறங்கி நேராக அடுத்த பந்தியில் உட்காருகிறாள். சீக்கிரம் சாப்பிட்டால் சீக்கிரம் கிளம்பலாம். "நீ ஏன் யாரோடவும் பேச மாட்டேங்கிற?" என்று யாரும் கேட்கத் தேவையில்லை. அந்தக் கேள்வியை எழுதிவிட்டால் அதற்குப் பதில் எழுத வேண்டி வரும், பதிலில் மறுபடி அந்தச் செத்துப்போன அப்பா வந்து உட்கார்ந்துவிடுவார்.

வீட்டுக் காட்சியில் இன்னொரு பிழை சாதாரணமாக நடக்கும். அவளுக்குத் தனி அறை, சரவிளக்கு, புத்தக அலமாரி, டைரி. பெரும்பாலான வீடுகளில் பெண்ணுக்கென்று தனி அறையே இல்லை. தனிமை என்பது அவள் திருடிக்கொள்ளும் பொருள். மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்க இருபது நிமிடம் ஆகும். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, துடைத்த அடுப்பையே இன்னொரு முறை துடைத்துக்கொண்டு நிற்பாள். ஃபோன் அடித்தால் அடித்து ஓயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு நிமிடம் கழித்து "கூப்டீங்களா அக்கா?" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். இந்த ஃபோன் விஷயம் ஒன்றே ஒரு பக்க வசனத்துக்குச் சமம்.

எடிட்டிங் மேசையில் கெடுவது பதில் சொல்வதற்கு முன் வரும் இடைவெளி. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இரண்டு வினாடி, அதாவது நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் 48 ஃபிரேம். 'லேக் ஆகுது' என்று அதை முதலில் வெட்டுவார்கள். வெட்ட விடாதீர்கள். அதே நேரம் அந்த இரண்டு வினாடியில் அவளை வெறித்துப் பார்க்க வைத்தாலும் சோகமாகத்தான் தெரியும். கை ஏதாவது செய்துகொண்டிருக்கட்டும்: பை மடிப்பது, பூ தொடுப்பது, வெங்காயம் உரிப்பது. கை ஓடிக்கொண்டிருந்தால் யோசிக்கிறாள் என்று தெரியும். கை நின்றால் அழப்போகிறாள் என்று தோன்றிவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சத்தம். நம்மூரில் பெரும்பாலான படங்களில் குரல் பிறகு டப்பிங்கில் சேர்க்கப்படுகிறது. படப்பிடிப்பு இடத்தின் காற்று, மூச்சு, துணி உரசல் எல்லாம் போய்விடும். பேச்சு இல்லாத இடம் வெறும் ஓட்டையாக நிற்கும், ஓட்டையை அடைக்க வயலின் வரும், வயலின் வந்ததும் அவள் பாவப்பட்டவள் ஆகிவிடுவாள். அதனால் ஒவ்வொரு இடத்திலும் காட்சி முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, முப்பது வினாடி முதல் ஒரு நிமிடம்வரை அந்த இடத்தின் வெறும் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஸ்டோர் ரூமில் ஃபேன் ஓடும் சத்தமும் தூரத்து மெல்லிசைக் கச்சேரியும். கதவு திறக்கும்போது கச்சேரி ஒரேயடியாக ஏறி அடிக்கட்டும், மூடினால் இறங்கட்டும். கூட்டத்தில் அவளுக்கு என்ன ஆகிறது என்பது பார்வையாளரின் காதுக்கே புரிந்துவிடும்.

டப்பிங் அறையில் கடைசி ஒரு வேலை பாக்கி. அமைதியான பெண் என்றதும் குரல் கொடுப்பவர் தானாகவே குரலைத் தாழ்த்தி, குழந்தை போல, காற்று கலந்து பேசுவார். நிறுத்துங்கள். சாதாரணக் குரல், சாதாரண அளவு, மேடையில் இருந்தால் மேடைக்கு வேண்டிய அளவு. குறைய வேண்டியது வார்த்தைதான், குரல் இல்லை. வசனத்துக்கு முன்னால் இழுக்கும் மூச்சைத் தனி டிராக்கில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மிக்ஸிங்கில் அதை யாராவது சுத்தம் செய்ய வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.