ஏழாங்கட்டைத் தோட்டத்தைப் பழைய பத்திரிகைகளில் தேடியபோது

என் தாத்தாவின் அண்ணன் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயா போனவர். திரும்பி வரவில்லை. தெலுக் ஆன்சன் என்ற ஊர்ப் பக்கம் ஏழாங்கட்டைத் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தார் என்பது மட்டும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை இணையத்தில் போட்டிருக்கிறது. சிலவற்றை வீட்டிலிருந்தே படிக்கலாம். சிலவற்றுக்கு நூலகத்துக்கே போக வேண்டும். 1938-இல் இந்திய அரசு தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டதால், அதற்கு முந்தைய கப்பல் செய்திகளிலிருந்து தொடங்கினேன். மேல் வகுப்பில் வந்த துரைமார்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ரஜூலா போன்ற கப்பல்களில் டெக்கில் வந்த நம் ஆட்களுக்குத் தலைக்கணக்கு மட்டும்தான். நோய் பயத்தில் அவர்களைப் பினாங்கு அருகே ஜெரெஜாக் தீவில் தங்கவைத்த செய்தி கிடைக்கும், அதிலும் பெயர் கிடையாது. படிக்கப் படிக்க எனக்குக் கோபம்தான் வந்தது.

சரி, ஆளைத் தேடுவதை விட்டுத் தோட்டத்தைத் தேடுவோம் என்று முடிவு செய்தேன். அங்கேதான் உண்மையான சிக்கல். மலாயாவில் தோட்டங்களுக்குக் கம்பெனி வைத்த பெயர் ஒன்று, தமிழர்கள் அழைத்த பெயர் வேறொன்று. பத்திரிகையில் கம்பெனிப் பெயர்தான் வரும். மலேசியாவில் கட்டை என்றால் மைல்கல். அதனால் ஆங்கிலப் பத்திரிகைகளில் ஏழாவது மைல் என்பதையும் ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தேடினேன். ஊருக்குப் பழைய பெயரையே போட வேண்டும். தெலுக் ஆன்சன் தெலுக் இந்தான் ஆனது 1982-இல்தான். லாரி விபத்து, நில ஏலம், ரப்பர் திருட்டு வழக்கு என்று வந்தவற்றில், ஒரு வழக்குச் செய்தியில் தோட்டத்தின் கம்பெனிப் பெயர் இருந்தது. அந்த வட்டாரத்தில் பிறந்த ஒரு மலேசியப் பெரியவரிடம் கேட்டேன். "அதேதான் தம்பி, நாங்க ஏழாங்கட்டைனுதான் சொல்லுவோம்" என்றார்.

அப்புறம் சிங்கப்பூர்த் தமிழ் நாளிதழான தமிழ் முரசு. 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கியது, ஜப்பானியர் காலத்தில் நின்று, போருக்குப் பிறகு மீண்டும் வந்தது. தமிழ்ப் பக்கங்களில் எழுத்துத் தேடலை நம்பாமல், தேதி வாரியாக ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினேன். 1950-களில் மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்துக்காக 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார்கள். ஆளுக்கு ஒரு வெள்ளி, அதாவது அங்கத்திய ஒரு டாலர். அந்த நன்கொடைப் பட்டியலில் எங்கள் தோட்டத்தின் பெயரும், அதன் கீழே பெரிய தாத்தாவின் பெயரும் இருந்தன. போரில் செத்துப்போனார் என்று எங்கள் வீட்டில் திவசம் கொடுத்துக்கொண்டிருந்த மனிதர், உயிரோடு இருந்து, தன் கூலியிலிருந்து ஒரு வெள்ளி எடுத்துக் கொடுத்திருக்கிறார்!

அதே பட்டியலில் எங்கள் ஊரில் வழங்கும் பெயர்கள் இன்னும் சில தென்படுகின்றன. இப்போது ஊரில் வீடு வீடாகப் போய், யார் வீட்டு ஆட்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.