1957 ஃப்ளூவும் ஹெல்சிங்கி பிள்ளைகளும்

மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) பெரும்பாலும் இருபது வயதை ஒட்டித்தான் வெளியே தெரிகிறது, ஆனால் அதற்கான கோளாறு கருவில் மூளை வளரும்போதே தொடங்கியிருக்கலாம் என்று சொல்கிறவர்கள் முதலில் இழுப்பது ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியைத்தான். 1957-ல் அங்கே ஆசியக் காய்ச்சல் என்ற ஃப்ளூ பரவியது. அப்போது நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரையிலான கருவாக இருந்தவர்கள் வளர்ந்த பிறகு, அவர்களிடம் இந்த நோய் கூடுதலாக இருப்பதாக மெட்னிக் என்ற ஆய்வாளரின் குழு 1988-ல் எழுதியது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தாய்மாருக்குக் காய்ச்சல் வந்ததா என்று யாரும் பார்க்கவில்லை, ஊரில் காய்ச்சல் இருந்தது, அவ்வளவுதான். பின்னால் வந்த பல ஆய்வுகளில் இந்தத் தொடர்பு கிடைக்கவும் இல்லை.

2004-ல் ஆலன் பிரௌன் குழு கொஞ்சம் ஒழுங்காகச் செய்தது. கலிஃபோர்னியாவில் 1959 முதல் 1966 வரை கர்ப்பிணிகளிடம் எடுத்துச் சேமித்து வைத்திருந்த ரத்தத்திலேயே ஃப்ளூவின் தடயத்தைத் தேடினார்கள். முதல் மூன்று மாதத்தில் தொற்று இருந்தால் ஆபத்து ஏழு மடங்கு, கர்ப்பத்தின் முற்பாதி முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் மூன்று மடங்கு என்று வந்தது. அந்த ஏழு மடங்குதான் எங்கும் சுற்றுகிறது, ஆய்வில் நோயாளிகள் வெறும் 64 பேர் என்பது சுற்றுவதில்லை.

சரி, ஃப்ளூ வைரஸ் பொதுவாக நஞ்சுக்கொடியைத் தாண்டி உள்ளே போவதில்லையே, பிறகு எப்படி? அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் பால் பேட்டர்சன் குழு சினை எலிகளுக்கு வைரஸே கொடுக்காமல், வைரஸ் வந்துவிட்டதாக உடம்பை ஏமாற்றும் ஒரு பொருளை மட்டும் ஊசியில் போட்டது. அப்படியும் குட்டிகளின் நடத்தை மாறியது. அதாவது கிருமியைவிட, அதை எதிர்த்துத் தாயுடம்பு சுரக்கும் பொருட்கள்தான், முக்கியமாக இன்டர்லூக்கின்-6 என்ற புரதம், கருவின் மூளையைத் தொந்தரவு செய்கின்றன போல. எனக்கு நம்பும்படி இருப்பது இந்தப் பகுதிதான், எலி எலிதான் என்றாலும்.

அப்புறம் அந்தக் கோளாறு ஏன் இருபது வருடம் சும்மா இருக்கிறது? வளரிளம் பருவத்தில் மூளை தேவையில்லாத நரம்பு இணைப்புகளைக் கழித்துத் தள்ளும். அந்த வேலையில் பங்குள்ள சி4 மரபணுவின் சில வடிவங்கள் இந்த நோயின் ஆபத்தைக் கூட்டுகின்றன என்று 2016-ல் வெளியானது. ஏற்கெனவே இடறிய மூளையில் இந்தக் கழிப்பு மிஞ்சிப் போகிறதோ என்பது ஊகம்.

"அவன் வயித்துல இருக்கறப்ப எனக்கு நாலு நாள் காய்ச்சல்ப்பா, அதனாலதானா?" என்று இந்த நோய் வந்த தன் மகனைப் பற்றிப் பெரியம்மா கேட்டார். இந்த நோய் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகத்தான் வருகிறது, அது மூன்று மடங்கே ஆனாலும் காய்ச்சல் கண்ட நூறு தாய்மாரில் தொண்ணூற்றேழு பேரின் பிள்ளைகளுக்கு வராது, மரபணு, பிரசவச் சிக்கல், கஞ்சா என்று வேறு எத்தனையோ சேர வேண்டும் என்றேன்.