அந்த ஒரு நொடி நிம்மதி

ஜனவரி 6, திங்கள்

டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், தம்பி உள்ளே படுத்திருப்பான். எனக்கு வேறு வேலை இல்லை.

போன வாரம் என் பரிசோதனை முடிவுகள் வந்தன. என் சிறுநீரகத்தை அவனுக்குக் கொடுக்க முடியாது. ரத்த வகை ஒத்துப்போனது, திசுப் பொருத்தமும் நன்றாக இருந்தது. மூன்று மாத சராசரிச் சர்க்கரை 6.8 என்று வந்ததோடு எல்லாம் நின்றுவிட்டது. எனக்குச் சர்க்கரை இருப்பதே அன்றுதான் தெரியும். ஒன்றைக் கொடுத்துவிட்டால், மிஞ்சும் சிறுநீரகத்தைப் பின்னாளில் சர்க்கரை கெடுத்துவிடலாம், அதனால் எடுக்கமாட்டோம் என்று மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்.

கேட்டவுடன் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. என் உடம்பில் கத்தி படாது என்ற நிம்மதி. ஒரு நொடிதான் இருந்திருக்கும். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. எல்லோரும் அழுகையைத்தான் பார்த்தார்கள்.

ஜனவரி 8, புதன்

அந்த நிம்மதியை நினைக்கவே கூடாது என்று இருந்தேன். பாத்திரம் கழுவும்போது வருகிறது, வண்டி ஓட்டும்போது வருகிறது, தம்பி சிரித்துப் பேசும்போது இன்னும் பலமாக வருகிறது.

உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட ஒரு சோதனை இதை அப்படியே சொல்கிறது. வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள், மீறி நினைத்தால் மணியடியுங்கள் என்று சிலரிடம் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்த பகுதி. இப்போது தாராளமாக நினைக்கலாம் என்று விட்டபோது, முதலில் அடக்கிவைத்தவர்கள்தான், ஆரம்பத்திலேயே நினைக்க விடப்பட்டவர்களைவிட அதிகமாகக் கரடியை நினைத்தார்கள். அடக்கியதற்கு வட்டி கேட்டதுபோல.

நான் அடக்குவதோ கரடியை இல்லை. என் தம்பியைப் பற்றி எனக்கு வந்த ஒரு உணர்வை. அதன் வட்டி எவ்வளவு இருக்கும்!

ஜனவரி 11, சனி

டயாலிசிஸ் இல்லாத நாள். வீட்டில் யாரும் இல்லாதபோது, உள்ளே இருப்பதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதிப் பார்த்தேன். பயம். வெட்கம். நல்ல சிறுநீரகத்தோடு நடமாடுகிற எல்லோர் மேலும் பொறாமை. இந்த நோய் மேல் கோபம், சில நேரம் அவன் மேலேயே கோபம். கடைசியாக நிம்மதி. அதை எழுதும்போது கை தயங்கியது, ஆனாலும் எழுதினேன்.

உணர்வுக்குப் பெயர் வைப்பதால் மூளையில் என்ன நடக்கிறது என்று மாத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். கோபமோ பயமோ தெரியும் முகங்களைப் பார்த்து, அந்த உணர்வின் பெயரைத் தேர்ந்தெடுத்தபோது, அபாயத்தை உணர்த்துகிற அமிக்டலாவின் பரபரப்பு குறைந்தது. அவர்கள் பார்த்தது படங்களை, நான் பார்ப்பது என்னை. இரண்டும் ஒன்று என்று சொல்லமாட்டேன். எழுதி முடித்தபோது நெஞ்சுப் பாரம் அப்படியேதான் இருந்தது, ஆனால் அது எதனால் என்று தெரிந்திருந்தது.

ஜனவரி 17, வெள்ளி

இன்று பக்கத்து நாற்காலியில் ஒரு அம்மா. அவர் கணவர் பல வருடமாக டயாலிசிஸில் இருக்கிறார். பேச்சுவாக்கில் குரலைத் தாழ்த்தி, "சில நாள் இது எப்பத்தான் முடியுமோன்னு தோணிடுதும்மா. முடியறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? அப்புறம் ராத்திரியெல்லாம் தூக்கம் வராது" என்றார்.

ஒரு விநாடிகூட நான் யோசிக்கவில்லை. "நீங்க களைச்சுப் போயிருக்கீங்கம்மா. அவர் மேல பாசம் இல்லாமலா இத்தனை வருஷம் வந்து உட்கார்ந்திருக்கீங்க?" என்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. இதையே நான் எனக்குச் சொன்னதில்லை. எனக்கு நான் சொல்லிக்கொண்டிருப்பது "நீயெல்லாம் ஒரு அக்காவா?" என்பதைத்தான்.

தன்மேல் கருணை என்பதை ஆய்வுக்குரிய பொருளாக 2003இல் வரையறுத்தவர் கிறிஸ்டின் நெஃப். அவர் அதில் மூன்றைச் சேர்க்கிறார்: தன்னிடம் கனிவு, இந்த வேதனை மனிதர்களுக்குப் பொதுவானது என்ற உணர்வு, வலியை மறைக்காமலும் ஊதிப் பெருக்காமலும் பார்க்கிற கவனம். இரண்டாவதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த அம்மாதான். என் மனதுக்குள் மட்டும்தான் இப்படி ஒரு அசிங்கம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 20, திங்கள்

ஒரு சந்தேகம் விடாமல் அரிக்கிறது. என்னை நானே தட்டிக்கொடுத்தால் பொறுப்பு தளர்ந்துவிடாதா? நெடுநாளாக எனக்கு இருக்கும் பயம் இது. ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. கடினமான தேர்வில் சறுக்கிய மாணவர்களில், தங்களிடம் கனிவாக இருக்கும்படி தூண்டப்பட்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் கூடுதல் நேரம் படித்தார்கள்.

என்னையே பார்க்கிறேன். என்னைத் திட்டித் தீர்த்த இரவுகளுக்கு அடுத்த காலைகளில், தம்பியின் முகத்தைப் பார்க்கவே கூசி விலகித்தான் இருந்திருக்கிறேன். திட்டு என்னை அவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை.

இன்னொன்றும் எழுதிவைக்க வேண்டும். நிம்மதி வந்தது என்று ஒப்புக்கொள்வதால், அவன் நோயோடு கிடக்கட்டும் என்று நான் ஒப்புக்கொண்டதாக ஆகாது. வந்த உணர்வு வந்ததுதான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறேன் என்பது என் கையில் இருக்கிறது. நான் செய்துகொண்டிருப்பது, இந்த நாற்காலியில் வந்து உட்கார்வது.

ஜனவரி 27, திங்கள்

சொல்லிவிட்டேன்.

இயந்திரத்திலிருந்து எடுத்த பிறகு அவனுக்கு எப்போதும் போல அசதி, கெண்டைக்காலில் பிடிப்பு. காலை நீவிவிட்டுக்கொண்டே சொன்னேன். கொடுக்க முடியாது என்று கேட்டதும் ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது என்று. குரல் நடுங்கிவிட்டது.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "எனக்கும்தான்க்கா" என்றான். "உனக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நான் எப்படி இருப்பேன்? ஆனா கோவமும் வந்துச்சு. உன் மேல இல்ல. ஆனா வந்துச்சு."

அந்தக் கோபத்தை அவன் மறைக்காததுதான் எனக்குப் பெரிய ஆறுதல். வெறும் சமாதானம் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

பிப்ரவரி 5, புதன்

மோசமான நாள். பாதியில் ரத்த அழுத்தம் இறங்கி, அவனுக்குக் கண் இருட்டிவிட்டது. செவிலியர் ஓடிவந்து சரிசெய்தார். எனக்கு மறுபடி எல்லாம் கிளம்பியது: பயம், கோபம், பொறாமை, என் சிறுநீரகம் அவனுக்குப் பயன்பட்டிருந்தால் இது நடந்திருக்காதே என்ற குத்தல். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, "இது கஷ்டம்தான். யாருக்கு வந்தாலும் கஷ்டம்தான்" என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். குத்தல் போகவில்லை. ஆனால் எழுந்து வெளியே ஓடவும் தோன்றவில்லை. அவன் கண் திறந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

இறந்தவர்களின் உறுப்புதானத்துக்கான காத்திருப்போர் பட்டியலில் அவன் பெயரைப் பதிந்தாகிவிட்டது. 6.8 என்ற எண் வந்ததிலிருந்து என் சர்க்கரைக்கு நான் மருந்து எதுவும் ஆரம்பிக்கவில்லை. அவனே அவ்வளவு கஷ்டப்படும்போது எனக்கென்ன மருந்து என்று இருந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். அன்று அவனுக்கு டயாலிசிஸ் இல்லை, கூட வருகிறேன் என்கிறான்.